மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து ஆட்டோமேஷனுக்கு: கையில் இருப்பதும் கற்க வேண்டியதும்

மேனுவல் டெஸ்டிங் என்பது ஒரு மென்பொருளை, அதைப் பயன்படுத்தப் போகிறவரின் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திரையாக இயக்கிப் பார்ப்பது. ஒரு டெஸ்ட் கேஸில் மூன்று விஷயங்கள் இருக்கும்: செய்ய வேண்டிய படிகள், கொடுக்க வேண்டிய தரவு, வர வேண்டிய விடை. வந்த விடை வேறாக இருந்தால் அது பக். பக் பதியும் கருவியான ஜிராவில் பதிவாகி டெவலப்பரிடம் போகும். அவர் சரிசெய்து புது பில்ட் தருவார். அந்த பில்டில் அந்த பக் போய்விட்டதா என்று பார்ப்பது ரீடெஸ்டிங். அதைச் சரிசெய்யப் போய் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறு எதையாவது கெடுத்துவிட்டார்களா என்று பழையதையெல்லாம் திரும்பப் பார்ப்பது ரிக்ரஷன்.

ஆட்டோமேஷனின் தேவை இந்த ரிக்ரஷனில்தான் பிறக்கிறது. ஒரு செயலிக்கு 300 டெஸ்ட் கேஸ், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒருமுறை முழுதாகப் பார்த்து முடிக்க 25 மணி நேரம் வேண்டும். ஒருவருக்கு அது மூன்று நாள் வேலை. வருடத்துக்கு இரண்டு ரிலீஸ் என்றிருந்தபோது இதைச் சமாளிக்க முடிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ், சில இடங்களில் ஒரே நாளில் பல ரிலீஸ் என்று ஆனபின் அந்த மூன்று நாள் கிடைப்பதில்லை. "முக்கியமானதை மட்டும் பாருங்கள்" என்று மேலிருந்து சொல்லிவிடுவார்கள். விட்டுப்போன இடத்தில் பக் தங்கிவிடும். நேரம் கிடைத்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. ஒரே திரையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் கண் களைத்துப்போகும். எப்போதும் சரியாக வருகிற விடையைப் பார்க்காமலே 'பாஸ்' போட்டுவிடும். இப்படி மாறாமல் திரும்பி வரும் சரிபார்ப்புகளை ஸ்கிரிப்டாக எழுதிக் கணினியிடம் விட்டுவிடுவதே ஆட்டோமேஷன்.

நெல்லை மாவட்டத்தின் ராதாபுரம், பணகுடி, வள்ளியூர், திசையன்விளை பக்கத்திலிருந்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ பி.இ.யோ முடித்துவிட்டுச் சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் என்று போகிற பலருக்கும் ஐடி துறையின் முதல் வாசல் மேனுவல் டெஸ்டிங்தான். சில வருடங்கள் கழித்து வேலை மாற நினைக்கும்போது, விளம்பரங்களில் பெரும்பாலானவை செலினியம், ஜாவா, ஏபிஐ டெஸ்டிங் என்று கேட்கின்றன. 'இதுவரை செய்ததெல்லாம் வீணா, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா' என்ற பயம் அங்கேதான் வருகிறது. வீணில்லை. ஆட்டோமேஷனில் எளிதில் கற்க முடியாத பாதி, நல்ல மேனுவல் டெஸ்டரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மற்ற பாதி, வரிசை தெரிந்து உட்கார்ந்தால் கற்கக்கூடியது.

கருவிகள் வந்த வழி

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் ஆட்டோமேஷன் என்றால் மெர்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னர், க்யூடிபி போன்ற கருவிகள். 2006இல் அந்த நிறுவனத்தை ஹெச்பி வாங்கியது. இவற்றுக்கு உரிமக் கட்டணம் அதிகம். நிறுவனம் வாங்கிக் கொடுத்தால்தான் தொட முடியும். வீட்டுக் கணினியில் போட்டு வருடக்கணக்கில் பழகிப் பார்க்கும் வாய்ப்பு சாதாரண டெஸ்டருக்கு இல்லை.

டெவலப்பர்கள் பக்கம் வேறொரு வழி திறந்தது. 1997இல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் ஜாவாவுக்கு ஜேயூனிட் எழுதினார்கள். ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வர வேண்டிய விடையோடு வந்த விடையை ஒப்பிட்டு, பச்சை அல்லது சிவப்பு என்று காட்டும் முறை அதன்மூலம்தான் பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது. இன்றைய டெஸ்ட்என்ஜி, பைடெஸ்ட் எல்லாம் அதே முறையில் இயங்குபவை.

2004இல் அமெரிக்காவின் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் ஊழியர்களின் நேரத்தையும் செலவையும் பதியும் ஒரு உள் செயலியில் வேலை செய்துகொண்டிருந்தார். அதைக் கையால் சோதிப்பதற்குப் பதிலாக, பிரவுசருக்குள்ளேயே ஓடி பட்டனை அழுத்தி விடையைப் பார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றை எழுதினார். அதுதான் செலினியம். கட்டற்ற மென்பொருளாக வெளியானதால் யாரும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சைமன் ஸ்டூவர்ட் தனியாக எழுதிய வெப்டிரைவர் இதனோடு சேர்ந்து 2011இல் செலினியம் 2 வந்தது. வெப்டிரைவரின் நெறிமுறை 2018இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அதிகாரபூர்வத் தரமாகவே ஆகிவிட்டது. மொபைலுக்கு ஆப்பியம், வெப்புக்கு சைப்ரஸ், மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட ப்ளேரைட் என்று பிறகு வந்தவையும் கட்டணமின்றிக் கிடைப்பவை. பல பிரவுசர்கள், பல போன்களில் ஓட்டிப் பார்க்க உதவும் பிரவுசர்ஸ்டாக் 2011இல் மும்பையில் தொடங்கியது.

இந்த வரலாறு தெற்கத்தி ஊர்களுக்கு முக்கியமானது. ஒரு சாதாரண லேப்டாப்பும் இணைய இணைப்பும் இருந்தால் ராதாபுரத்தில் உட்கார்ந்தே, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் அதே கருவியைக் கற்கலாம். என்பிடெல் இணையக் கல்வித் தளத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கு இலவசப் பாடத்திட்டம் இருக்கிறது. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்கள் பற்றி எளிய தமிழிலேயே தொடர்கள் வெளியிட்டு வருகிறது. ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

சரியான விடையை யார் சொல்வது

ஆட்டோமேஷனில் கணினியின் பங்கு எது, மனிதரின் பங்கு எது என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ராதாபுரத்துக்கு மேற்கே, பணகுடிக்கு அருகில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டின் திரவ எரிபொருள் இன்ஜின்களைப் பூட்டி நிறுத்தி, எரியவிட்டுச் சோதிக்கும் இடம் அது. விகாஸ் இன்ஜின் சோதிக்கப்படுவது இங்கேதான்.

2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜிஎஸ்எல்வி கிளம்பத் தயாராக நின்றது. அதன் பக்கவாட்டில் விகாஸ் இன்ஜின் பொருத்திய நான்கு திரவ பூஸ்டர்கள் இருந்தன. பூஸ்டர்களைக் கொளுத்திய பிறகு, அவை வேண்டிய உந்துவிசையைத் தருகின்றனவா என்று கணினி பார்க்கும். சரியாக இருந்தால்தான் நடுவிலுள்ள திட எரிபொருள் கட்டம் எரியும். நான்கில் ஒன்றில் உந்துவிசை போதவில்லை. கிளம்ப ஒரு விநாடிக்கு முன் கணினி தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தியது. ராக்கெட் தப்பியது. பழுதைச் சரிசெய்து, ஏப்ரல் 18 அன்று அதே ராக்கெட்டை ஏவினார்கள்.

அந்த நொடியில் எந்த மனிதக் கண்ணும் கையும் அத்தனை வேகமாகச் செயல்பட்டிருக்க முடியாது. அதே சமயம், உந்துவிசை எவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்து என்பதைக் கணினி தானாகக் கண்டுபிடிக்கவில்லை. இன்ஜின்களைச் சோதனை மேடையில் எரியவிட்டு, அளந்து, புரிந்துகொண்ட மனிதர்கள் அந்த வரம்பை முன்பே முடிவு செய்திருந்தார்கள். மென்பொருள் ஆட்டோமேஷனிலும் வேலை இப்படித்தான் பிரிகிறது. ஓட்டுவதும் ஒப்பிடுவதும் ஸ்கிரிப்டின் வேலை. எதை ஒப்பிடுவது, எது சரியான விடை என்று சொல்வது டெஸ்டரின் வேலை. அந்த இரண்டாவது வேலையை மேனுவல் டெஸ்டர் தினமும் செய்துகொண்டிருக்கிறார்.

ஒரு ஊர்ப்பெயரும் ஒரு படிவமும்

இது எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் அருகே போய்ப் பார்க்கலாம். விண்ணப்பப் படிவம் ஒன்று. அதில் ஊர்ப்பெயர் என்று ஒரு பெட்டி. பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து சேமிக்க வேண்டும், பிறகு தேடினால் கிடைக்க வேண்டும். சுருக்கமாக எழுதப்படும் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? 'ராதாபுரம்' என்று உள்ளிடும், சேமிக்கும், தேடும், கிடைத்ததும் பாஸ் என்று முடித்துக்கொள்ளும். இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் பெரிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதுமில்லை.

ஊரை அறிந்த டெஸ்டர் இன்னும் சிலவற்றைக் கேட்பார். அரசு ஆவணங்களில் 'இராதாபுரம்' என்றும் இருக்கும், மக்கள் 'ராதாபுரம்' என்றும் எழுதுவார்கள். ஒன்றைச் சேமித்து மற்றதைத் தேடினால் கிடைக்க வேண்டுமா? கூடங்குளம், கூடன்குளம் என்று இரண்டு எழுத்து வழக்கு இருக்கிறதே, அதற்கு என்ன? இது நிரல் சார்ந்த கேள்வி அல்ல, தேவை சார்ந்தது. பிசினஸ் அனலிஸ்டிடம் கேட்டு விடை வாங்கிய பிறகுதான் ஸ்கிரிப்டில் எழுத முடியும்.

அடுத்தது நீளம். 'ராதாபுரம்' மனிதக் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் துணைக்கால், உகரக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு அது 9. ஜாவாவிலோ பைத்தானிலோ நீளம் கேட்டால் 9 என்றே சொல்லும். ராதாபுரம் வட்டாரத்துக் கோட்டைக்கருங்குளம் 10 எழுத்து, 18 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ஆக 54 பைட். டேட்டாபேஸில் அந்தப் பெட்டிக்கு 50 பைட் மட்டும் ஒதுக்கியிருந்தால் 16 குறியீடுகள் உள்ளே போகும், 17ஆவது பாதியில் அறுபடும். 17 குறியீடு வரை ஏற்கும் பெட்டியாக இருந்தால் கடைசிப் புள்ளி மட்டும் விழுந்து 'கோட்டைக்கருங்குளம' என்று நிற்கும். ராதாபுரத்தை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இந்த பக் கடைசிவரை தெரியாது.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். கணினி ஒப்பிட்டால் இரண்டும் வேறு. ஒரு முறையில் சேமித்த கோட்டைக்கருங்குளத்தை இன்னொரு முறையில் தட்டச்சிட்டவர் தேடினால் 'இல்லை' என்று வரும். சேமிப்பதற்கு முன் யூனிகோட் நார்மலைசேஷன் செய்தால் இது தீரும். இதைக் கையால் சோதிப்பது கடினம். எந்தக் கீபோர்டு எதை அனுப்புகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஸ்கிரிப்டுக்கு இது இரண்டு வரி.

இப்போது ஊர்ப்பெயர்களை ஒரு எக்ஸெல் தாளில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வர வேண்டிய விடையை எழுதிவிட்டால், ஒரே ஸ்கிரிப்ட் அத்தனையையும் ஓட்டும். டேட்டா டிரிவன் டெஸ்டிங் என்பது இதுதான். தாளை நிரப்பியது ஊரும் மொழியும் தெரிந்த டெஸ்டரின் அறிவு. ஒவ்வொரு பில்டிலும் விடாமல் ஓட்டிக் காட்டுவது கணினி.

எதை ஆட்டோமேட் செய்வது, எதை விடுவது

அடிக்கடி ஓட வேண்டியது, விடை திட்டவட்டமாகத் தெரிந்தது, திரை அடிக்கடி மாறாதது: இந்த மூன்றும் சேர்ந்தால் ஆட்டோமேட் செய்யலாம். லாகின், பணம் செலுத்துதல், கணக்கீடுகள், அனுமதிகள், பலவகைத் தரவை உள்ளிடும் படிவங்கள் எல்லாம் இதில் வரும். தினமும் முதலில் ஓடும் ஸ்மோக் டெஸ்ட் இதற்கு நல்ல தொடக்கம்.

இன்னும் வடிவமே முடிவாகாத புதுத் திரை, ஒரே ஒருமுறை ஓடப்போகும் சோதனை, எழுத்து வாசிக்க வசதியாக இருக்கிறதா, வயதானவருக்கு இந்தத் திரை புரியுமா போன்ற கேள்விகள் மனிதரிடமே இருக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங் எனப்படும், திட்டமில்லாத் திசையில் தேடிப்போகும் சோதனையும் அப்படித்தான். ஸ்கிரிப்ட், கேட்டதை மட்டும் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு பட்டன் காணாமல் போயிருந்தாலும் அதற்குத் தெரியாது.

எல்லாவற்றையும் திரை வழியாகவே ஆட்டோமேட் செய்வதும் தவறு. மைக் கோன் சொன்ன டெஸ்ட் பிரமிடு இங்கே உதவும். அடியில் டெவலப்பர் எழுதும் யூனிட் டெஸ்டுகள் நிறைய, நடுவில், திரையைத் தொடாமல் செயலிக்கு நேரடியாகத் தரவு அனுப்பி விடையைப் பார்க்கும் ஏபிஐ டெஸ்டுகள் ஓரளவு, உச்சியில் திரை வழியாக ஓடும் டெஸ்டுகள் கொஞ்சம். மேலே போகப்போக டெஸ்ட் மெதுவாகும், எளிதில் உடையும். ஊர்ப்பெயரின் நீளத்தை ஏபிஐ மட்டத்திலேயே சோதித்துவிட்டு, திரையில் பிழைச் செய்தி சரியாகத் தெரிகிறதா என்று ஒரே ஒரு டெஸ்ட் வைத்தால் போதும்.

கற்க வேண்டியவை, வரிசையாக

முதலில் ஒரு மொழி. ஜாவாவோ பைத்தானோ, ஏதாவது ஒன்று. வேலை பார்க்கும் நிறுவனத்தில் எது இருக்கிறதோ அதையே எடுப்பது நல்லது. கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கும். வேரியபிள், கண்டிஷன், லூப், ஃபங்ஷன், கிளாஸ், லிஸ்ட், மேப், எக்ஸெப்ஷன் இவ்வளவு தெரிந்தால் முதல் ஸ்கிரிப்டுக்குப் போதும். பலர் சறுக்குவது இங்கேதான்: மொழியில் கை பழகுமுன் கருவிக்குத் தாவி, யாரோ எழுதியதை அப்படியே ஒட்டுகிறார்கள், முதல் பிழைச் செய்தியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாவது, லொகேட்டர். திரையில் உள்ள பெட்டியையோ பட்டனையோ ஸ்கிரிப்ட் எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது. ஐடி இருந்தால் அதுவே உத்தமம். இல்லையென்றால் சிஎஸ்எஸ் செலக்டர் அல்லது எக்ஸ்பாத். 'மூன்றாவது டிவ்வுக்குள் இரண்டாவது டிவ்' என்று பக்கத்தின் தலையிலிருந்து எழுதும் எக்ஸ்பாத், திரையில் ஒரு வரி கூடினாலே உடையும். சோதனைக்கென்று நிலையான அடையாளம் ஒன்றை வைக்கும்படி டெவலப்பரிடம் கேட்பது டெஸ்டரின் உரிமை. கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும்.

மூன்றாவது, வெயிட். பக்கம் ஏற நேரமாகும், ஸ்கிரிப்ட் காத்திருக்காது. ஐந்து விநாடி தூங்கு என்று கண்மூடித்தனமாகப் போடுவது எல்லோரும் முதலில் செய்வது. நெட் வேகமாக இருந்தால் நேரம் வீண், மெதுவாக இருந்தால் அந்த ஐந்து விநாடி போதாது. 'இந்த பட்டன் அழுத்தும் நிலைக்கு வரும்வரை காத்திரு' என்று நிபந்தனையோடு சொல்வதே சரி.

நான்காவது, அசர்ஷன். விடையை ஒப்பிடும் வரி. பல ஸ்கிரிப்டுகள் பத்து பட்டனை அழுத்திவிட்டு எதையுமே ஒப்பிடாமல் பச்சை காட்டும். அப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருப்பதைவிட இல்லாதது மேல். அது பொய்யான நிம்மதியைத் தருகிறது. எழுதி முடித்ததும் வேண்டுமென்றே ஒரு தவறான விடையை எதிர்பார்க்க வைத்து, அது சிவப்பாகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பிறகு பேஜ் ஆப்ஜெக்ட் முறை: ஒவ்வொரு திரைக்கும் ஒரு கிளாஸ், லொகேட்டர்கள் எல்லாம் அதற்குள். லாகின் திரை மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். அதோடு நிரலைப் பதிப்புவாரியாகச் சேமிக்கும் கிட், போஸ்ட்மேனில் தொடங்கி நிரல்வழி ஏபிஐ டெஸ்டிங், அடிப்படை எஸ்க்யூஎல், ஒவ்வொரு பில்டிலும் தானாக ஓட வைக்க ஜென்கின்ஸ் அல்லது கிட்ஹப் ஆக்ஷன்ஸ். மேனுவல் டெஸ்டர்களில் பலருக்கு எஸ்க்யூஎல்லும் போஸ்ட்மேனும் ஏற்கெனவே பழக்கம். அவர்கள் திரையை விட்டு ஏபிஐயிலிருந்தே ஆட்டோமேஷனைத் தொடங்குவது எளிது.

ஃப்ளேக்கி டெஸ்ட்

நிரலில் எந்த மாற்றமும் இல்லாமல் ஒருமுறை பச்சை, ஒருமுறை சிவப்பு காட்டும் டெஸ்டுக்கு ஃப்ளேக்கி என்று பெயர். தங்கள் டெஸ்டுகளில் ஏறத்தாழ 16 சதவீதம் ஏதாவது ஓர் அளவில் இப்படித்தான் என்று கூகுளே 2016இல் எழுதியது. அத்தனை வசதியுள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டாம். சரியில்லாத வெயிட், ஒரு டெஸ்ட் விட்டுச்சென்ற தரவின்மேல் இன்னொரு டெஸ்ட் ஓடுவது, இன்றைய தேதியையோ நேரத்தையோ நம்புவது, வெளிச் சேவை மெதுவாவது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

'திரும்ப ஓட்டினால் சரியாகிவிடும்' என்ற பழக்கம் வந்துவிட்டால் டெஸ்டின் மேல் அணியின் நம்பிக்கை போய்விடும். பிறகு உண்மையான பக் சிவப்புக் காட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு டெஸ்டும் தன் தரவைத் தானே உருவாக்கி, முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். காரணம் தெரியாத ஃப்ளேக்கி டெஸ்டை ஒதுக்கி வைத்துச் சரிசெய்த பிறகே திரும்பச் சேர்க்க வேண்டும்.

வேலை மாறும் வழி

பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது, இப்போது இருக்கும் வேலை. ஒவ்வொரு ரிலீஸிலும் அலுப்போடு கையால் ஓட்டும் ரிக்ரஷன் ஷீட் எல்லா டெஸ்டரிடமும் இருக்கும். அதில் மிக அலுப்பான சிலவற்றை எடுத்து, லீடிடம் சொல்லிவிட்டு, ஆட்டோமேட் செய்து, கையால் ஓட்டிய விடையோடு சில ரிலீஸ்களுக்கு ஒப்பிட்டுக் காட்டினால், அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை. அலுவலக நிரலை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால், பழகுவதற்கென்றே இருக்கும் டெமோ தளங்களை வைத்து ஒரு சிறு ப்ராஜெக்ட் எழுதி கிட்ஹப்பில் வைக்கலாம். நேர்காணலில் காட்ட அது உதவும்.

நேர்காணலில் எக்ஸ்பாத்தின் வகைகளைக் கேட்பார்கள், ஜாவா நிரல் எழுதச் சொல்வார்கள். 'இந்தத் திரையைக் கொடுத்தால் எதை முதலில் ஆட்டோமேட் செய்வீர்கள், ஏன்' என்றும் கேட்பார்கள். முதல் இரண்டில் கல்லூரியிலிருந்து புதிதாக வந்தவர் வேகமாக இருப்பார். மூன்றாவதில் நாலைந்து வருடம் பக் தேடிய கண் தனியாகத் தெரியும். நிரல் எழுதித்தரும் ஏஐ கருவிகள் வந்தபின் அந்தக் கண்ணின் தேவை இன்னும் கூடியிருக்கிறது. அவை ஸ்கிரிப்டை நொடியில் எழுதித்தருகின்றன. அந்த ஸ்கிரிப்ட் எதைப் பார்க்காமல் விட்டிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். அதற்கு மொழியும் தெரிந்திருக்க வேண்டும், பக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்கு ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டும் என்ற நிலையும் மெல்ல மாறிவருகிறது. நெல்லையை ஒட்டிய கங்கைகொண்டானில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி பூங்கா இருக்கிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இயங்குகிறது. வாடிக்கையாளர் சேவைக்கான ஜோஹோ டெஸ்க் அங்கிருந்து உருவானது, க்யூஎன்ஜின் என்ற ஆட்டோமேஷன் கருவியையும் அந்நிறுவனம் தருகிறது. ஆட்டோமேஷன் வேலை பெரும்பாலும் நிரலாகவும் அறிக்கையாகவும் கிட்டில் இருப்பதால், வீட்டிலிருந்து செய்வதற்கும் ஏற்றது. ஒரு மொழியில் கை பழக, முதல் ஸ்கிரிப்டை எழுத, அதைப் பில்டோடு இணைத்துத் தானாக ஓட வைக்க, வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். அந்தக் காலம் முழுதும் மேனுவல் டெஸ்டிங்கை விட்டுவிட வேண்டியதில்லை. எதை ஆட்டோமேட் செய்ய வேண்டும் என்ற பட்டியல் அங்கிருந்துதான் வருகிறது.